வானில் எஞ்சின் நின்றால்: செஸ்னா 172 பயிற்சி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தியப் பயிற்சிப் பள்ளிகளில் பரவலாகப் பறப்பது செஸ்னா 172. இங்கே வரும் எண்கள், வேறு மாதிரி சொல்லப்படாத இடங்களில், அதன் 172எஸ் மாதிரிக்கு உரியவை: 180 குதிரைத்திறன் லைகாமிங் எஞ்சின், கார்புரேட்டர் இல்லாத ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். நீங்கள் ஓட்டுவது 152 அல்லது பழைய 172 என்றால் முறை ஏறக்குறைய இதேதான். எண்களை மட்டும் உங்கள் விமானத்தின் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கையேடும் உங்கள் இன்ஸ்ட்ரக்டரும் சொல்வதற்கு மேல் இந்தப் பக்கத்தில் எதுவும் இல்லை.

எஞ்சின் நின்றதும் விமானம் கீழே விழுந்துவிடுமா?

விழாது. இறக்கையைத் தாங்குவது அதன் மேல் ஓடும் காற்று. அந்தக் காற்றோட்டத்தைத் தருவது வேகம். எஞ்சின் இல்லாதபோது அந்த வேகத்தை உயரத்தைக் கொடுத்து வாங்குகிறோம், அவ்வளவுதான். இறக்கையின் பின்விளிம்பு மடலான ஃபிளாப்பை மடக்கி, வேகத்தை 68 நாட்டில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) பிடித்தால், காற்றில்லாத நாளில், ஒவ்வொரு 1000 அடிக்கும் சுமார் 1.5 கடல் மைல், அதாவது 2.8 கிலோமீட்டர் மிதந்து போகலாம். இறங்கும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 அடி. தரையிலிருந்து 3000 அடியில் எஞ்சின் நின்றால் கையில் சுமார் 4 நிமிடம் இருக்கிறது.

ஆனால் 3000 அடிக்கு 8 கிலோமீட்டர் என்று வரைபடத்தில் வட்டம் போட்டு அதன் விளிம்பில் இருக்கும் வயலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். திரும்பும்போது உயரம் கரையும், எதிர்க்காற்று தூரத்தைத் தின்னும், யோசிக்கும் நேரமும் உயரத்திலிருந்துதான் போகும். அந்தத் தூரத்தில் பாதிதான் உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஐந்து விநாடியில் என்ன செய்வது?

கிளைடு வேகத்துக்கு, அதாவது எஞ்சின் இல்லாமல் அதிக தூரம் மிதக்கும் அந்த 68 நாட்டுக்கு, வாருங்கள். மற்ற எதுவும் அதற்குப் பிறகுதான்.

சமமட்டத்தில் 110 நாட்டில் போய்க்கொண்டிருந்தால், வேகம் கையிருப்பில் இருக்கிறது. உயரத்தை அப்படியே பிடித்து வேகம் 68-க்கு இறங்கும் வரை விடுங்கள். பிறகு ட்ரிம் சக்கரத்தால் அந்த வேகத்தில் நிறுத்துங்கள். ட்ரிம் செய்யாமல் கையால் தாங்கிக்கொண்டே இருந்தால், செக்லிஸ்ட்டைப் பார்க்கக் குனியும் ஒவ்வொரு முறையும் வேகம் அலையும்.

ஏறிக்கொண்டிருக்கும்போது கதை வேறு. 74 நாட்டில் மூக்கு நன்றாகத் தூக்கி இருக்கிறது; உந்துவிசை நின்ற மறுகணமே வேகம் சரியத் தொடங்கும். கையில் பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுப் பிடியான யோக்கைத் தயங்காமல் முன்னே தள்ள வேண்டும். கண்ணாடியில் தரை நிறைவதைப் பார்த்துக் கை பின்னால் இழுக்கத் துடிக்கும். அந்தத் துடிப்பை மீறிப் பழகுவதற்காகத்தான் இன்ஸ்ட்ரக்டர்கள் ஏறும்போதே த்ராட்டிலை இழுத்து, எஞ்சின் சக்தியைக் குறைத்துக் காட்டுகிறார்கள்.

68 என்பது முழு எடையான 2550 பவுண்டுக்கு (1157 கிலோ). 172என் மாதிரிக்கு 65, செஸ்னா 152-க்கு 60.

மூக்கைக் கொஞ்சம் தூக்கினால் இன்னும் தூரம் போகாதா?

போகாது. இறங்கும் கட்டத்தில் அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான். கிளைடு வேகத்துக்குக் கீழே போனால் தூக்குவிசைக்காக இறக்கை கொடுக்கும் விலை, அதாவது இழுவை, கூடுகிறது. இறக்கம் இன்னும் செங்குத்தாகிறது. எட்டாத வயலை எட்டவைக்க இழுத்தால் வயலும் கிடைக்காது, வேகமும் கிடைக்காது. எட்டவில்லை என்று தெரிந்தால் அருகில் உள்ள இடத்துக்கு மாறுங்கள். வரப்பில் 55 நாட்டில் மோதி வெளியே நடந்து வந்தவர்கள் பலர். 100 அடியில் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்து, ஒரு பக்கமாகக் கவிழ்ந்தால் தப்புவது அரிது.

எஞ்சின் ஏன் நிற்கிறது?

பிஸ்டன் எஞ்சினுக்கு வேண்டியது எரிபொருள், காற்று, தீப்பொறி. மூன்றில் ஒன்று தடைபட்டிருக்கும். அல்லது ஆயில் இல்லாமல் உள்ளே ஏதோ உடைந்திருக்கும். பயிற்சி விமானங்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது எரிபொருளை. அது தீர்ந்திருக்கலாம், இருந்தும் எஞ்சினுக்கு வராமல் இருக்கலாம், அல்லது கெட்டுப்போயிருக்கலாம்.

தீர்வது கணக்குப் பிழை. 172எஸ்-இல் பயன்படுத்தக்கூடியது 53 கேலன், சுமார் 200 லிட்டர். மணிக்கு 30 முதல் 38 லிட்டர் வரை குடிக்கும். மானியை நம்பாமல், இறக்கை மேல் ஏறி அளவுகோல் விட்டுப் பாருங்கள்.

வராமல் இருப்பதற்குக் காரணங்கள் பல. எந்தத் தொட்டியிலிருந்து எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் ஒரு பக்கத் தொட்டியிலேயே விடப்பட்டிருக்கும். இடது இறக்கையின் கீழ், தாங்குகம்பிக்குப் பின்னால் இருக்கும் காற்றுக்குழாயைக் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். இரண்டு வாரம் வெளியே நின்ற விமானத்தில் இந்தக் குழாயைக் குனிந்து பார்க்காமல் ஏறக்கூடாது.

கெட்டுப்போவது பெரும்பாலும் தண்ணீரால். மழைக்காலத்தில் தொட்டி மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் இரவெல்லாம் உள்ளே சொட்டும். 172எஸ்-இல் ஒவ்வொரு இறக்கையிலும் 5, உடலின் அடியில் 3 என 13 வடிகால் புள்ளிகள் உண்டு. சிலர் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். பதின்மூன்றையும் வடித்துப் பார்க்க வேண்டும். 100எல்எல் எனப்படும் விமானப் பெட்ரோலின் நிறம் நீலம். தண்ணீர் அதற்கு அடியில் நிறமில்லாமல் தனியாகத் தங்கும். குடுவை முழுவதும் நிறமில்லாமல் இருந்தால் ‘சுத்தமாக இருக்கிறது’ என்று எண்ணிவிடாதீர்கள்: நீங்கள் பிடித்தது முழுக்கத் தண்ணீராக இருக்கலாம், அல்லது யாரோ ஜெட் எரிபொருள் ஊற்றியிருக்கலாம்.

ஆயில் விஷயம் சுருக்கம். கொள்ளளவு 8 குவார்ட், 5-க்குக் கீழ் பறக்கக்கூடாது. அழுத்தம் இறங்கி வெப்பம் ஏறினால் எஞ்சின் நிற்கப்போகிறது என்று எடுத்துக்கொண்டு, அது ஓடும்போதே இடம் தேடுங்கள்.

இன்னொன்று, மாணவர்களின் கைத்தவறு. கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் தரும் கார்ப் ஹீட்டையோ த்ராட்டிலையோ இழுப்பதாக நினைத்து, பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்தும் சிவப்பு மிக்ஸ்சர் குமிழை இழுத்துவிடுவது. உயரத்தில் மெலிதாக்கிய மிக்ஸ்சரை இறங்கும்போது திரும்பத் தள்ள மறப்பது. பழைய 172-களில், எஞ்சினைத் தொடங்கப் பெட்ரோல் செலுத்தும் பிரைமர் குமிழ் பூட்டாமல் இருப்பது. எந்தக் குமிழைத் தொட்டாலும் கண்ணால் பார்த்த பிறகே இழுங்கள்.

மறுபடி எஞ்சினை உயிர்ப்பிக்க எந்த வரிசை?

வேகம் 68-இல் நின்று, இறங்கும் இடத்தை நோக்கித் திரும்பிய பிறகு இது:

ஃபியூயல் ஷட்ஆஃப் குமிழ் முழுவதும் உள்ளே. செலக்டர் இரண்டு தொட்டிக்கும் பொதுவான ‘போத்’ நிலையில். துணை எரிபொருள் பம்ப் ஆன். மிக்ஸ்சர் முழு ரிச். இக்னிஷன் சாவி ‘போத்’-இல். புரொப்பெல்லர் நின்றே போயிருந்தால் ‘ஸ்டார்ட்’.

புரொப்பெல்லர் காற்றில் தானாகச் சுழன்றுகொண்டிருக்கும் வரை ஸ்டார்ட்டர் வேண்டியதில்லை. எரிபொருளும் பொறியும் வந்தால் அதுவே பற்றிக்கொள்ளும். முரட்டுத்தனமாக ஓடி அதிர்ந்தால் சாவியை ‘லெஃப்ட்’, ‘ரைட்’ என்று மாற்றிப் பாருங்கள். தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களில் ஒன்று தவறான நேரத்தில் பொறி விட்டுக்கொண்டிருந்தால், நல்லது ஒன்றில் மட்டும் வைத்தால் எஞ்சின் சீராகும்.

கையை ஒரே ஓட்டமாகத் தரையிலிருந்து மேலாகவோ, இடமிருந்து வலமாகவோ பலகை முழுவதும் கொண்டுபோகப் பழகுங்கள். பதற்றத்தில் பட்டியல் மறந்தாலும் கைக்கு வழி தெரிந்திருக்கும். ஒரு முறை, நேரமிருந்தால் இரண்டு முறை. 1000 அடிக்குக் கீழே எஞ்சினோடு போராடாதீர்கள். அங்கிருந்து இறக்குவதுதான் வேலை.

புகையோ தீயோ தெரிந்தால் இந்த வரிசை பொருந்தாது. அப்போது மிக்ஸ்சரை வெட்டி, ஷட்ஆஃப் குமிழை இழுத்து, பம்ப்பையும் மின்சாரத்துக்கான மாஸ்டர் சுவிட்சையும் அணைத்து, கேபின் ஹீட்டை மூடி, 100 நாட்டில் இறங்குங்கள். தீப்பிடித்த எஞ்சினை மறுபடி ஓட்டிப் பார்க்கவே கூடாது.

நம் ஊர் வெயிலில் கார்புரேட்டரில் பனி பிடிக்குமா?

பிடிக்கும். கார்புரேட்டர் உள்ள 152-க்கும் பழைய 172-க்கும் இது முக்கியம். குறுகிய கழுத்தில் காற்று விரைவதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் உள்ளே வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சரியக்கூடும். அதிகம் பிடிப்பது 21 டிகிரிக்குக் கீழ், ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது. ஆனால் 38 டிகிரி வெயிலில், 50 சதவீத ஈரப்பதத்திலும் பிடிக்கும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கையேடு எச்சரிக்கிறது. கடலோர ஓடுதளங்களில், மழை பெய்து ஓய்ந்த காலையில், த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது இதை மனத்தில் வையுங்கள்.

முதல் அறிகுறி, தொடாமலே ஆர்.பி.எம். மெல்லக் குறைவது. கார்ப் ஹீட்டை முழுவதும் இழுத்ததும் ஆர்.பி.எம். இன்னும் குறைந்து, எஞ்சின் இருமும். உருகிய தண்ணீரை விழுங்கும் சத்தம் அது. பயந்து குமிழை உள்ளே தள்ளிவிடுபவர்கள் பனியைத் தாங்களே காப்பாற்றிக் கொடுக்கிறார்கள். பொறுத்திருங்கள், ஏறும். இந்தச் சூடு வருவது எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றிய உறையிலிருந்து. எஞ்சின் நின்றுவிட்டால் குழாய் வேகமாக ஆறிவிடும். அதனால் கார்புரேட்டர் எஞ்சினில் கிளைடு வேகம் பிடித்ததும் கை போக வேண்டிய முதல் இடம் கார்ப் ஹீட்.

எழும்பியதும் நின்றால் ஓடுதளத்துக்கே திரும்பிவிடலாமா?

குறைந்த உயரத்தில் கூடாது. 500 அடியில் நின்றதாக வைத்து, ஏன் என்பதைக் கணக்காகவே பாருங்கள்.

180 டிகிரி திரும்பினால் ஓடுதளத்துக்கு இணையாக, ஒரு பக்கமாக விலகி நிற்பீர்கள். அதை நோக்கி வர மேலும் 45 டிகிரி வேண்டும். ஆக 225. விநாடிக்கு 3 டிகிரி என்ற மென்மையான திருப்பத்தில் இதற்கு 75 விநாடி. ‘என்ன ஆயிற்று’ என்று மனம் ஏற்றுக்கொள்ளவே 4 விநாடி போகும். நிமிடத்துக்கு 1000 அடி இறங்கினால் 79 விநாடியில் 1300 அடி போய்விடும். நீங்கள் இருந்தது 500 அடியில்.

சரி, செங்குத்தாகச் சாய்த்துத் திரும்பினால்? 45 டிகிரி சாய்வில் 225 டிகிரியை 15 விநாடிக்குள் முடிக்கலாம். ஆனால் நேராகப் பறக்கையில் 48 நாட்டாக இருந்த ஸ்டால் வேகம் 57 ஆகிறது. பதற்றத்தில் சாய்வு 60 டிகிரிக்குப் போனால் 68 ஆகிறது. அதுதான் உங்கள் கிளைடு வேகம். இதோடு மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரட்டர் பெடலை அதிகமாக மிதித்து மூக்கை இழுத்தால் விமானம் சுழன்று இறங்கும். 300 அடியில் அதிலிருந்து மீள இடமில்லை. போதாக்குறைக்கு இப்போது காற்று முதுகுப்பக்கம் தள்ளுகிறது. தரை வேகமாக ஓடுவதைப் பார்த்து, வேகம் கூடிவிட்டதாக ஏமாந்து இன்னும் இழுப்பார்கள்.

எனவே ஓடுதளத்தில் உருளத் தொடங்கும் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள்: உருளும்போதே நின்றால் த்ராட்டில் மூடி, பிரேக், எழும்பிய பிறகு முன்னே ஓடுதளம் மிச்சமிருந்தால் அதிலேயே, இல்லையென்றால் முன்கண்ணாடிக்குள் தெரியும் இடம், இருபுறமும் 30 டிகிரிக்குள். இன்ன உயரத்துக்கு மேல் மட்டுமே திரும்புவது. அந்த ‘இன்ன உயரம்’ கதையிலிருந்து வரக்கூடாது. இன்ஸ்ட்ரக்டரோடு 3000 அடியில் முழுத் திருப்பத்தையும், நான்கு விநாடித் தாமதத்தோடு, செய்து பார்த்து, இழந்த அடியோடு அதில் பாதியைக் கூட்டி வையுங்கள். பயிற்சி மாணவருக்கு 1000 அடிக்குக் கீழே அந்தக் கேள்வியே எழக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

நேரே இறங்கும்போது செய்ய வேண்டியவை: 70 நாட் (ஃபிளாப் விரித்தால் 65), மிக்ஸ்சர் வெட்டு, ஷட்ஆஃப் குமிழ் வெளியே, இக்னிஷன் ஆஃப், ஃபிளாப் தேவைக்கேற்ப, மாஸ்டர் ஆஃப், கதவின் தாழ் விலக்கு. 300 அடியில் இத்தனைக்கும் நேரமிருக்காது. வேகமும் திசையும் மட்டும் தவறாமல் இருந்தால் போதும்.

எஞ்சின் முழுதாக நிற்காமல் பாதி சக்தியில் ஓடினால்?

முழுதாக நிற்பதைவிட இது ஆபத்து. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2000 முதல் 2010 வரை ஒற்றை எஞ்சின் விமானங்கள் எழும்பிய உடன் நேர்ந்தவற்றை எண்ணிப் பார்த்தது. பகுதிச் சக்தி இழப்பு 242. அவற்றில் 9 உயிர்ச்சேதத்தில் முடிந்தன. முழுதாக நின்றவை 75, உயிர்ச்சேதம் ஒன்றுமில்லை. நின்ற எஞ்சின் முடிவை உங்களுக்காக எடுத்துவிடுகிறது. பாதி ஓடும் எஞ்சின் ‘இன்னும் கொஞ்சம் போகலாம்’ என்று ஆசை காட்டி, உயரமும் வேகமும் இல்லாத இடத்தில் கொண்டுபோய் நிற்கும்.

உயரம் நிலைக்கிறதா என்று பாருங்கள். நிலைத்தால், சாய்வைக் குறைவாக வைத்து, எந்த நொடியிலும் இறங்கக்கூடிய இடங்களுக்கு மேலாகவே ஓடுதளத்துக்கு வாருங்கள். நிலைக்கவில்லை என்றால் எஞ்சின் ஏற்கெனவே நின்றதாகவே நடத்துங்கள். தேர்ந்த இடம் உறுதியானதும் நீங்களே த்ராட்டிலை மூடுவது நல்லது. கடைசி நிமிடத்தில் அது இருமி இருமிச் சக்தி கொடுத்தால் இறங்கும் கோடு குலைந்துவிடும்.

எந்த மாதிரி வயலைத் தேர்ந்தெடுப்பது?

நீளம், பரப்பு, சரிவு, சுற்றியுள்ளவை, காற்று. கையேட்டின்படி முழு எடையில், கடல் மட்டத்தில், 50 அடித் தடையைத் தாண்டி இறங்கி நிற்க 1335 அடி, ஏறத்தாழ 400 மீட்டர் வேண்டும். அது கெட்டியான ஓடுதளத்தில், தேர்ந்த கையில். உழுத மண்ணில் உருளும் தூரம் குறையும். ஆனால் மூக்குச் சக்கரம் புதையும்.

தமிழ்நாட்டில் மேலிருந்து பார்ப்பவருக்குச் சில குறிப்புகள். அறுவடை முடிந்த காய்ந்த வயலும், நிலக்கடலை எடுத்த காடும், மேய்ச்சல் தரிசும் நல்லவை. நெல் வயலில் வரப்புகள் குறுக்கே வரும். நீளவாக்கில் பெரிய பாத்தியைத் தேடுங்கள். தண்ணீர் நிற்கும் நடவு வயலில் சக்கரம் புதைந்து கவிழ வாய்ப்பு அதிகம், ஆனால் மிகக் குறைந்த வேகத்தில் தொட்டால் உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் பிழைப்பார்கள். கரும்பு மேலிருந்து புல்வெளி போல மிருதுவாகத் தெரியும். ஆளுயரத்தைத் தாண்டியது, தொட்ட இடத்திலேயே பிடித்து நிறுத்திவிடும். கோடையில் வறண்ட கண்மாய் தட்டையாக ஈர்க்கும். சீமைக்கருவேலம் படர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு நம்புங்கள். கொங்குப் பகுதியில் தோட்டத்து நடுவே கைப்பிடிச் சுவர் இல்லாத பெரிய கிணறுகள் உண்டு. சதுரமான கரிய நிழல் தெரிந்தால் அது கிணறு.

மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பம்தான் தெரியும். தனியாக ஒரு பம்புசெட் அறை நின்றால் அதற்கு எங்கிருந்தோ கம்பி வந்தே ஆகவேண்டும். இரண்டு கம்பங்களைக் கண்டால் நடுவே கம்பி இருப்பதாக வைத்துக்கொண்டு, கடக்க நேர்ந்தால் கம்பத்தின் தலைக்கு மேலாகக் கடங்கள்.

உழவுச் சாலுக்கு இணையாக இறங்குங்கள், குறுக்கே அல்ல. அதற்காகச் சற்றுக் குறுக்குக் காற்று வந்தாலும் பரவாயில்லை. ஆனால் முதுகுக் காற்று வேண்டாம்: 55 நாட்டில் தொடும் விமானம் 10 நாட் எதிர்க்காற்றில் தரைக்கு 45, முதுகுக் காற்றில் 65. மோதலில் சிதற வேண்டிய ஆற்றல் இரண்டாவதில் இரு மடங்குக்கும் மேல். காற்றின் திசைக்குச் செங்கல் சூளைப் புகையும், பனை ஓலை சாயும் பக்கமும் சாட்சி. ஏரியில் அலையில்லாமல் வழுவழுப்பாகத் தெரியும் கரைதான் காற்று வரும் பக்கம்.

நெடுஞ்சாலை கண்ணெதிரே இருக்கும்போது வயல் எதற்கு?

172-இன் இறக்கை 11 மீட்டர். இருவழிச் சாலையின் தார்ப்பரப்பு 7 மீட்டர். மீதிக்கு இருபுறமும் புளியமரம், மின்கம்பம், வழிகாட்டிப் பலகை. நால்வழிச் சாலையில் நடுத்திட்டு விளக்குகளும், நடைமேம்பாலங்களும், உங்களை எதிர்பார்க்காத பேருந்துகளும். விமானத்தில் இருப்பவர் ஆபத்தைத் தெரிந்து ஏறியவர். கீழே இருசக்கர வாகனத்தில் போகும் குடும்பம் அப்படியல்ல. ஆளில்லாத, கம்பமில்லாத சாலை தெளிவாகத் தெரிந்தால் பயன்படுத்தலாம். பொதுவாக வயலே மேல்.

உயரத்தை எப்படிச் சரியாகக் கணிப்பது?

முடிந்தால் வயலுக்கு மேலேயே வந்து வட்டமிட்டு உயரத்தைக் கரைத்து, தரையிலிருந்து சுமார் 1000 அடியில், நீங்கள் தொடவிருக்கும் புள்ளிக்குப் பக்கவாட்டில் இருங்கள். ஓடுதளத்தைச் சுற்றி வரும் வழக்கமான சர்க்யூட்டில் பழகிய காட்சி அது. கண்ணுக்குத் தெரிந்த கோணம். உயரமானியைவிடக் கோணத்தையே நம்ப வேண்டும், ஏனென்றால் மானி காட்டுவது கடல் மட்டத்திலிருந்து. வயலின் உயரம் அதில் இல்லை.

குறியை வயலின் தொடக்கத்தில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்கு உள்ளே வையுங்கள். உயரம் மிஞ்சினால் ஃபிளாப்பும், பக்கவாட்டுச் சறுக்கலும், சிறு வளைவும் இருக்கின்றன. குறைந்தால் எதுவும் இல்லை. வயலைக் கடந்து கடைசி வேலியில் 20 நாட்டில் மோதுவதை, முதல் வேலியில் 60 நாட்டில் மோதுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வயலை முதுகுக்குப் பின்னால் விட்டுத் தூரம் போகாதீர்கள். கண்ணைவிட்டு மறைந்த வயல் திரும்பிப் பார்க்கையில் எப்போதும் எதிர்பார்த்ததைவிடத் தொலைவில் இருக்கும்.

ஃபிளாப் எப்போது, மாஸ்டர் சுவிட்ச் எப்போது?

வயல் உறுதியாக எட்டும் என்று தெரிந்த பிறகே முழு ஃபிளாப். ஃபிளாப்பை ஓட்டுவது மின்மோட்டார். அதனால் மாஸ்டரை முதலில் அணைத்துவிட்டால் ஃபிளாப் இருந்த இடத்திலேயே நின்றுவிடும், ரேடியோவும் போய்விடும். ஃபிளாப் முழுதாக வந்த பிறகு மாஸ்டர். மிக்ஸ்சர், ஷட்ஆஃப், இக்னிஷன் மூன்றும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தொடும் முன் கதவுகளின் தாழை விலக்குங்கள். மோதலில் கதவுச் சட்டம் வளைந்தால் மூடிய கதவு திறக்காது. பின்சக்கரங்களில், வால் சற்றுத் தாழ்ந்தபடி தொட்டு, மூக்குச் சக்கரத்தை முடிந்தவரை மேலே பிடியுங்கள்.

ரேடியோவில் யாரிடம், என்ன சொல்வது?

விமானம் கட்டுக்குள் வந்த பிறகு, ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே. பதில் இல்லையென்றால் அவசர அலைவரிசையான 121.5. ‘மேடே’ மூன்று முறை, அழைப்புக் குறி, எஞ்சின் நின்றது, இருக்கும் இடம், உயரம், எத்தனை பேர், எங்கே இறங்க நினைக்கிறீர்கள். ராடாருக்கு அடையாளம் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் அவசரக் குறியான 7700. தாழப் போகப் போக ரேடியோ எட்டாது. சொல்வதை உயரத்தில் சொல்லுங்கள். எதிர்முனையில் கேள்விகள் வந்தால் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்பதில்லை.

நல்ல இடமே இல்லை, மரமும் தண்ணீரும்தான் என்றால்?

நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையைக் காப்பாற்றுங்கள், இறக்கையைக் கொடுத்துவிடுங்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் தொடும் விமானம் 3 மீட்டருக்குள் சீராக நின்றால் உடல் தாங்கும் விசை சுமார் 8.5ஜி, அதாவது உடல் எடையைப் போல் எட்டரை மடங்கு. பெல்ட் கட்டியவர் தாங்கக்கூடியது. அந்த 3 மீட்டரை இறக்கையும் சக்கரமும் நசுங்கித் தரட்டும். இரண்டு மரங்களுக்கு நடுவே உடல் நுழைய, இறக்கைகள் அடி வாங்கட்டும். தென்னந்தோப்பைவிட இளஞ்சவுக்கும் புதரும் நல்லவை.

தண்ணீரில் நிலையான சக்கரம் மாட்டி விமானம் தலைகுப்புற விழலாம். கதவுகளின் தாழ் திறந்திருக்கட்டும், மிதவைச் சட்டையை வெளியே வந்த பிறகே ஊதுங்கள். உள்ளே ஊதினால் கூரையில் ஒட்டிக்கொண்டு வெளியேற முடியாது. தலைகீழாகத் தொங்கினால் ஒரு கையைக் கூரையில் ஊன்றிய பிறகு பெல்ட்டைக் கழற்றுங்கள்.

தோள்பட்டை பெல்ட் அவ்வளவு முக்கியமா?

ஆம். 2015 மார்ச் 5-இல் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு ஓட்டிய ரயன் பிடி-22, இரண்டாம் உலகப்போர் காலப் பயிற்சி விமானம், கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் எழும்பியதும் சக்தி இழந்து கோல்ஃப் மைதானத்தில் இறங்கியது. கார்புரேட்டரின் முதன்மை ஜெட் கழன்று வந்திருந்தது. தோள்பட்டை பெல்ட் பொருத்தப்பட்ட விதம் சரியில்லாததும் காயத்தைக் கூட்டியது என்று அமெரிக்க விசாரணை வாரியம் சொன்னது. இடத்தேர்வு உயிரைக் காத்தது, பெல்ட் காயத்தைத் தடுக்கத் தவறியது. புறப்படும் முன் பெல்ட்டின் பிடிமானத்தை இழுத்துப் பாருங்கள். பயணிக்குக் கதவைத் திறந்து காட்டுங்கள்.

தனியாகப் பழகலாமா?

இன்ஸ்ட்ரக்டர் அனுமதித்த இடத்தில், அனுமதித்த உயரத்தில் மட்டும். கார்புரேட்டர் எஞ்சினில் த்ராட்டிலை மூடும் முன் கார்ப் ஹீட். ஒவ்வொரு 500 அடிக்கும் ஒரு முறை த்ராட்டிலைத் திறந்து எஞ்சினைச் சூடாக வையுங்கள், இல்லையென்றால் ஒத்திகையே உண்மையாகிவிடும். மிக்ஸ்சரையோ எரிபொருள் குமிழையோ இழுத்துப் பழகவே வேண்டாம். 500 அடியில் த்ராட்டிலைத் திறந்து ஏறுங்கள்; வயல் எட்டியிருக்குமா என்பது அந்த உயரத்திலேயே தெரிந்துவிடும்.

இறங்கி நின்ற பிறகு?

முதலில் வெளியே, விமானத்தைவிட்டுக் காற்று வரும் பக்கமாகத் தூரம் போங்கள். பெட்ரோல் கசிந்திருக்கலாம். பத்து நிமிடத்தில் ஊரே கூடிவிடும். பீடி, சிகரெட் கூடாது என்று உரக்கச் சொல்லுங்கள், புரொப்பெல்லரை யாரும் தொடவிடாதீர்கள். மேக்னெட்டோவின் தரைக்கம்பி அறுந்திருந்தால் சாவி ஆஃப்-இல் இருந்தாலும் ஒரு தள்ளில் எஞ்சின் பற்றிக்கொள்ளும். அறுந்த மின்கம்பி கிடந்தால் அந்தப் பக்கமே போகவேண்டாம். 112-ஐயும் பயிற்சிப் பள்ளியையும் அழையுங்கள். ஆளை மீட்பதற்கோ தீயைத் தடுப்பதற்கோ தவிர விமானத்தை நகர்த்தாதீர்கள், சுவிட்சுகளைப் ‘பழைய இடத்துக்கு’ மாற்றாதீர்கள். விசாரணைக்கு அவை இருந்த நிலையே வேண்டும்.

அவசர இடங்காட்டிக் கருவி மோதலில் தானாக இயங்கும். மெதுவாக இறங்கியிருந்தால் இயங்காது, பலகையில் உள்ள சுவிட்சை ‘ஆன்’ செய்ய வேண்டியிருக்கும். செயற்கைக்கோள் கேட்பது 406 மெகாஹெர்ட்ஸை மட்டும், 121.5-ஐக் கேட்பதை 2009 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் பத்திரம் என்ற செய்தி கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போய்ச் சேர்ந்து, அவர்கள் சொன்ன பிறகே கருவியை அணையுங்கள்.